பொதி பெட்டிக்குள் திறக்கப்பட்டது

நாள் 140 | 09:10
நிலவுத் தோப்பு. பொறுப்பு: முப்பிடாதி, தாவர நோயியல். ஆள் எண்ணிக்கை: ஒன்று.

எலுமிச்சை, நாரத்தை, கிடாரங்காய், கமலா, சாத்துக்குடி என்று தொண்ணூற்றாறு மரங்கள். வெப்பம் 26. இந்த வாரச் சோதனையில் தொண்ணூற்றாறும் சுத்தம்.

பின்னால் இதைப் படிப்பவருக்கு: இலையை மஞ்சளாக்கி மரத்தையே பட்டுப்போக வைக்கும் கிரீனிங் நோய் தொடாத எலுமிச்சை பூமியில் இப்போது ஒன்றுகூட இல்லை. நோய்க்கிருமியைச் சுமப்பது அரிசியில் பாதி அளவுள்ள ஒரு பூச்சி. அது பறந்து வர முடியாத இடம் என்றுதான் இவற்றை இங்கே கொண்டுவந்து வைத்தோம். பூச்சியை ஒழித்துச் சுத்தம் செய்த ஒரு தீவு பூமியில் தயாராகிறது. கன்று வளர்க்க முதல் குச்சிகள் இங்கிருந்துதான் போகும்.

நாள் 140 | 16:40
சரக்குக் கப்பல் வந்து போனது. அக்கா பேச்சியம்மாள் கொடுத்தனுப்பிய ஒரு பொதியை விமானி ஆல்வின் கையோடு கொண்டுவந்து தந்தார். உள்ளே பருப்புப் பொடி. பொதி ஆய்வுப் பெட்டிக்குள் வைத்துத் திறக்கப்பட்டது. விதிப்படி.

நாள் 233 | 11:00
தொண்ணூற்றாறும் சுத்தம்.

கப்பல் நாள் 305இல் வரும். நானூறு குச்சிகள் வெட்டிக் கட்ட வேண்டும். ஆய்வுப் பெட்டி என்பது கண்ணாடிக் கூண்டு. பதித்திருக்கும் கையுறைக்குள் கையை விட்டுத்தான் வேலை செய்ய முடியும். இருபது குச்சிக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். கணக்குப் போட்டாலே தோள் வலிக்கிறது.

அக்காவிடமிருந்து செய்தி:
"ஏளா முப்புடாதி, நம்ம மரத்துக் கன்னு எப்பம்ளா வரும்? ஊர்ல எலுமிச்சங்கா கடையெல்லாம் பூட்டிக் கெடக்கு. ஒங்க அத்தான் புறவாசல்ல குழியத் தோண்டி வச்சிக்கிட்டு, இப்பமே தண்ணி ஊத்துதாரு. குழிக்கு!"

நம்ம மரம் என்றால் 41ஆம் எண். புளியங்குடியில் எங்கள் வீட்டு எலுமிச்சையின் வாரிசு. வேலையில் பாரபட்சம் கூடாது. ஆனாலும் காலையில் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

நாள் 297 | 08:20
41இல் ஒரு கிளை மஞ்சளாக இருக்கிறது. துத்தநாகக் குறைவு என்றால் நடுநரம்புக்கு இருபுறமும் மஞ்சள் ஒரே மாதிரி விழும். கிரீனிங் என்றால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது. பழைய தோட்டத்து முறைப்படி, நரம்புக்கு இருபுறமும் நேருக்கு நேராகப் பேனாவால் வட்டம் போட்டேன்.

ஒரு வட்டத்துக்குள் மஞ்சள். மற்றதற்குள் பச்சை.

இன்னொரு இலை பார்த்தேன். அப்படியே. பத்தாவது இலையோடு நிறுத்திக்கொண்டேன்.

நாள் 298 | 14:05
மரபணுச் சோதனை மூன்று முறை ஓட்டினேன். 41, 42, 57 மூன்றிலும் கிருமி இருக்கிறது. மற்றவை சுத்தம் என்று வருகிறது. அந்தச் சுத்தத்தை நம்ப முடியாது. கிருமி ஏறிய மரம் சோதனையில் சிக்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

இயக்குநர் தயாபரனிடமிருந்து:
"முப்பிடாதி மேடம், பதறாதீங்க. கருவி பழசு. உங்க குறிப்பேட்டை முதல்ல இருந்து படிச்சுப் பார்த்தேன். உள்ள வந்த ஒவ்வொரு பொருளையும் பெட்டிக்குள்ளதான் திறந்திருக்கீங்க. பூச்சி வர வழியே இல்லையே? அந்த மூணு மரத்தை விட்டுட்டு மத்ததுல குச்சி எடுத்துக்குவோம். பத்தாயிரம் குடும்பம் காத்திருக்கு."

வழியே இல்லை. என் கையெழுத்துதான் சாட்சி.

நாள் 299 | 10:30
ஏணி போட்டு 41இன் உச்சிக்கு ஏறினேன். ஐந்து மாதமாக ஏறவில்லை. இங்கே என்ன வரப்போகிறது என்ற மெத்தனம்தான். விளக்கை ஒட்டிய துளிர்களில் வெள்ளை மெழுகு நூல்கள். குஞ்சுப் பூச்சிகள் விட்டுப்போனவை. பக்கத்து இலையில் பெரியது ஒன்று, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, என்னைச் சட்டை செய்யாமல் உட்கார்ந்திருந்தது. கை நீட்டினேன். துள்ளிப் போய்விட்டது.

நாள் 300 | 07:00
நாள் 140, 16:40 பதிவு பொய்.

பொதியைப் படுக்கையில் உட்கார்ந்து திறந்தேன். பொடி டப்பாவுக்கு மேலே நாலு கொத்துக் கறிவேப்பிலை, வாடாமல். குழாயில் வரும் கூழையே தின்றுகொண்டிருந்தவள் நான். அந்த வாசனையில் ஆடிப்போனேன். முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். கன்னத்தில் ஏதோ பட்டுப் போனது. கண்ணீர் என்று நினைத்தேன்.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். அந்தப் பூச்சிக்கு இரண்டும் சாப்பாடு. வீட்டுப் புறவாசலில் மிச்சமிருந்து பட்டுப்போகும் சின்ன எலுமிச்சையை ஒட்டித்தான் கறிவேப்பிலை நிற்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இதைப் பத்து வருடம் வகுப்பெடுத்தவள் நான். முட்டை சுமந்த ஒரே ஒரு பூச்சி போதும். என் அறைக்கும் தோப்புக்கும் நடுவே ஒரு கதவுதான்.

கொத்துகளை அன்றே வறுத்துத் தின்றேன். பிறகு கை கழுவிவிட்டு அந்த வரியை எழுதினேன். வெட்கமாக இருக்கிறது. மொத்தத் தோப்பையும் சூடேற்றி அழிக்க அனுமதி கேட்டு, இதை அப்படியே தயாபரனுக்கு அனுப்பிவிட்டேன்.

நாள் 301 | 15:15
தயாபரன்:
"மேடம், அன்னைக்கு எழுதினதை நம்பவா, இன்னைக்கு எழுதறதை நம்பவா? சம்பவம் நடந்த நாள்ல எழுதினதுதான் செல்லும்னு விதி இருக்கு. ஆல்வினைக் கேட்டேன், பொடி டப்பா மட்டும்தான் கொண்டு போனேன்னு சொல்றார். பூச்சின்னு காட்ட ஒரு படம்கூட இல்ல. தனியா ரொம்ப நாள் இருந்துட்டீங்க. கொஞ்சம் ஓய்வெடுங்க."

அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

தீவை நானே எச்சரிக்க நேரடித் தொடர்பு கிடையாது. அங்கே போகும் செய்தியெல்லாம் தயாபரன் வழியாகத்தான். கொத்தைக் கட்டிக் கொடுத்தது அக்கா. ஒளிக்காமல் உண்மையைச் சொல் என்று அவளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

நாள் 302 | 12:40
அக்கா:
"ஏளா, ஒன் செய்தி இப்பம்தான் வந்துச்சு. நேத்தே ஆபீஸ்ல இருந்து கேட்டுட்டாங்க. கருவப்பில அனுப்பினியளான்னு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு. ஒன் வேலைக்கு வம்பு வந்துருமோன்னு, பொடிதான் சாமி அனுப்பினேன், வேற ஒண்ணுமில்லன்னு அடிச்சு சொல்லிட்டேன். இப்பம் போயி மாத்திச் சொன்னா ரெண்டு பேரையும்லா புடிப்பாங்க? நீ பயப்படாத. நான் காட்டிக் கொடுக்க மாட்டேன்."

அக்கா. ஐயோ, அக்கா.

நாள் 303 | 09:00
அக்காவின் செய்தியைத் தயாபரனுக்கு அனுப்பினேன்; நான் சொல்லிக்கொடுத்து எழுதியது என்று தள்ளிவிட்டார். சூடேற்ற பூமியிலிருந்தும் ஒரு சாவி வேண்டும். தர மறுத்துவிட்டார்கள். ரம்பம் என்னிடம் இருக்கிறது.

41ஐ முதலில் அறுத்தேன். பதினொரு காய்கள், பழுக்கவே இல்லை. மரம் சாயும்போது எழுந்த எலுமிச்சை வாசனையில், எங்கள் வீட்டுப் பெரிய மரத்தைப் பிடுங்கிய அன்று அத்தான் நின்ற நிற்பு ஞாபகம் வந்தது. குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாராம்.

13:30 ஒன்பது மரம்.

19:00 பதினேழு. கையெல்லாம் கொப்புளம்.

நாள் 304 | 11:20
முப்பத்தொன்று. மிச்சம் அறுபத்தைந்து.

தயாபரன்: "ரம்பத்தைக் கீழ வைங்க மேடம். கேமராவுல பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். தயவுசெஞ்சு கீழ வைங்க."

மூச்சு வாங்கத் தோப்பை விட்டு வெளியே வந்தேன். பின்னாலேயே கதவைப் பூட்டிவிட்டார்கள். பூமியிலிருந்தே. கண்ணாடி வழியாக மரங்கள் தெரிகின்றன. கைக்கு எட்டிய மஞ்சள் இலைகளில் எல்லாம் ஏற்கெனவே வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வருகிறவர் பார்த்தால் போதும்.

நாள் 305 | 09:20
கப்பல் இறங்கிவிட்டது. ஆல்வின், அந்த வட்டங்களைப் பாருங்கள். ஒன்றில் மஞ்சள், ஒன்றில் பச்சை, அவ்வளவுதான், சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும், ஆல்வின், அந்தக் கொத்தைக் கொண்டுவந்தது நீங்கள்தானே, வேலை போகாது, நான் சொல்கிறேன், என் தப்பு என்றே

நாள் 305 | 10:05
பதிவு: விமானி ஆல்வின். நிலையப் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

டாக்டர் முப்பிடாதிக்கு இயக்குநர் உத்தரவுப்படி மயக்க மருந்து கொடுக்கப்பட்டது. உறங்குகிறார். வெட்டப்பட்டவை முப்பத்தொரு மரங்கள். மீதி அறுபத்தைந்தும் நலம். பல இலைகளில் பேனாவால் இரண்டிரண்டு வட்டங்கள் உள்ளன. காரணம் தெரியவில்லை.

நாள் 305 | 10:50
நானூறு குச்சிகளும் கட்டி முடிந்தன. அனைத்தும் ஆய்வுப் பெட்டிக்குள் வைத்தே கட்டப்பட்டன. விதிப்படி.

கிருமி என்றது கருவிக் கோளாறு என இயக்குநர் உறுதி செய்துவிட்டார். சாய்ந்து கிடக்கும் 41ஆம் மரத்தில் ஒரு கிளை இன்னும் பசுமையாக இருந்தது. டாக்டரின் அக்கா மிகவும் ஆசைப்பட்டுக் கேட்டிருந்தார். ஒரு குச்சி மட்டும் தனிப் பொதியாக என் கையோடு வருகிறது.

11:00 தீவுக்குப் புறப்பாடு.