ஓ என்றும் ஓம் என்றும்

மாமி, இன்று காலை உப்பளத்துக்குப் புறப்படும்போது உங்கள் வேம்பில் ஒரே இரைச்சல். நீல வலைநூல் தொங்கும் காகக்கூட்டில் குயில்குஞ்சு ஒன்று சிவந்த வாயைப் பிளந்து, காகக்குஞ்சு மாதிரியே கத்துகிறது. காகம் ஓடியோடி ஊட்டுகிறது. சோற்றுப் பார்சலும் கையுமாக நின்றுவிட்டேன். இப்போதெல்லாம் ஓட்டத்துக்கு நடுவே இப்படிச் சற்று நிற்கக் கிடைத்தாலே போதும் என்றிருக்கிறது.

சண்டை முடிந்து, இடம்பெயர்ந்து வந்த எங்கள் ஆட்கள் பலர் யாழ்ப்பாணம் திரும்பியபோதும், நாங்கள் உங்கள் வீட்டு வளவிலேயே இருந்துவிட்டோம். அந்த வருசமும் இப்படித்தான் ஒரு குஞ்சு. "கள்ளக் குஞ்சு" என்று என் கணவர் கம்பை எடுத்தார். நீங்கள் விடவில்லை.

"உடுங்க தம்பி. பசிக்கிக் கத்துது. காகத்துட பாஷையில கேட்டாத்தானே காகத்துக்கு வெளங்கும்?"

இத்தனை காலமாக அகதி என்றே கூப்பிடப்பட்ட எனக்கு, அது எங்களைச் சொன்னது போலிருந்து சிரிப்பு வந்தது.

பிறகு உங்கள் மகள் பிள்ளைப்பேற்றில் மௌத்தாகி மண்ணுக்குள் போனாள். உங்களுக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. அவள் ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்று வாயை இறுக்கிக்கொண்டு, அவளையே கூப்பிட்டபடி கிடந்தீர்கள். உடம்பு கரைந்துகொண்டே போனது. ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல், அடுப்படியில் நின்று அவள் உங்களுக்குப் பதில் சொல்வது போலவே, இந்த ஊர் வழக்கில், "ஓ உம்மா" என்றேன். உள்ளே வந்து பிடித்துக் கொடுத்த சோற்றுக்கு வாயைத் திறந்தீர்கள்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் நான் உங்கள் மகள். உப்பில் வெடித்த விரலில் புளியாணக் குழம்பு பட்டு எரியும். சில நாள் மனமும் எரியும். எத்தனை பேருக்குத்தான் என்னவாக எல்லாம் இருப்பது?

அந்த அலுப்பில்தான் ஒரு நாள் வாய் தவறியது. நீங்கள் கூப்பிட்டீர்கள். "ஓம் உம்மா" என்றுவிட்டேன். யாழ்ப்பாணத்து வாய், எங்கே போகும்? இனி ஒரு பருக்கையும் உள்ளே போகாது என்று நினைத்தேன்.

நீங்கள் என் முகத்தை உங்கள் பக்கம் திருப்பினீர்கள்.

"என்ட மவ ஓம் எண்டு செல்ல மாட்டா."

என் கையிலிருந்த சோற்றுப் பிடியை வாங்கி என் வாயருகே கொண்டுவந்தீர்கள்.

"எனக்குத் தெரியும் புள்ள. நீயும் இன்னம் தின்னல்லயே. வாயத் தொற."

திறந்தேன் மாமி. அழுதுகொண்டே தின்றேன்.

நீங்களும் போய்விட்டீர்கள். இப்போது யார் கூப்பிட்டாலும் ஓம் என்றுதான் சொல்கிறேன். உப்பளத்தில் பார்சலைப் பிரித்து முதல் பிடியை எடுக்கும்போது மட்டும், யாரும் கூப்பிடாமலே, "ஓ உம்மா" என்று வந்துவிடுகிறது.