குச்சி நட்ட கூடுகள்

ஜூன் 28, ஞாயிறு. துவாரகா.

ஆர்க்டிக்கில் கரைப்பறவைகளை ஆராயும் மகள் வீடியோ அழைப்பில் அழுதாள். பனி தாமதமாக உருகியதால், கிடைத்த கொஞ்சத் தரையில் பறவைகள் நெருக்கியடித்து முட்டையிட்டனவாம். அங்குள்ள நரிக்கு வழக்கமாக இரையாகும் எலிகளும் இந்த ஆண்டு இல்லை. அடையாளத்துக்காக அவள் ஒவ்வொரு கூட்டருகிலும் குச்சி நட்டிருந்தாள். நரி குச்சி குச்சியாகப் போய் முட்டைகளைத் தின்றிருக்கிறது. அவளுடைய ஆய்வை ஒழுங்காகப் படித்தது அது ஒன்றுதான்.

"நான்தான்பா வழி காட்டிட்டேன்."

"குச்சியையெல்லாம் பிடுங்கிப் போடேன்டி!" என்றாள் என் மனைவி.

"பிடுங்கிட்டேன்மா. மிச்சக் கூடெல்லாம் எங்கேன்னு இப்ப எனக்கே தெரியலை."

"நல்லதாப் போச்சு. நரிக்கும் தெரியாது."

நரிக்கு மோப்பம் உண்டு என்பது மூவருக்கும் தெரியும்.