உன் தலையில் விழுந்த பட்டியல்

அன்புள்ள மச்சானுக்கு,

உனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். சந்தோஷம். நீ இங்கிருந்து போனதிலிருந்து இந்த நான்கு மாதமாக உன் அக்கா உன் பேச்சையே எடுப்பதில்லை.

கம்ப்யூட்டர் இப்போது நன்றாக ஓடுகிறது. அன்றைக்கு அதைச் சரிபார்க்க வந்த மெக்கானிக், கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த கோப்பு ஒன்றைத் திறந்தாரே, ஞாபகம் இருக்கும். இன்டர்நெட்டில் பார்த்த பக்கங்களின் பட்டியல், தேதியோடு. அந்தப் பெயர்களை எழுத எனக்குக் கை வரவில்லை.

இரண்டு வரி படித்ததுமே உன் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் முந்திக்கொண்டேன். "ஏண்டா, தங்க இடம் குடுத்தா இதுதான் பண்ணுவியா?"

நீ தேதிகளைப் பார்த்தாய். அக்காவைப் பார்த்தாய். "நான்தான் மாமா, மன்னிச்சிடுங்க" என்றாய்.

பட்டியலில் இருந்த அந்தத் தேதிகளின் வாரம் முழுக்க நீ பரீட்சை எழுத வெளியூர் போயிருந்தாய். உன்னை பஸ் ஏற்றிவிட்டதே நான்தான்.

ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன். உள்ளே இன்னொரு நகல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்கு எப்படியோ என்னைத் தெரிந்திருக்கிறது.

நீ அனுப்பிய விலாசச் சீட்டை அக்கா கிழிக்கவில்லை, எங்கேயோ வைத்திருக்கிறாள். அதனால் இந்த உறையை ஒட்டாமல் அவளிடமே கொடுக்கப்போகிறேன். படித்துவிட்டு அவளே விலாசம் எழுதட்டும்.

உன் முகத்தில் விழிக்கத் தகுதியில்லாத,
மாமா