கையெழுத்துக்கு முன்னால் ஒரு கூட்டம்

கரியமாணிக்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் லில்லிக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். போனில் கேட்ட அந்த இருமல் உன்னை விட்டுப் போயிருக்கும், டப்ளின் குளிரிலும் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். உன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் வில்லியனூர்ப் பெண் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை கிளம்புகிறாள், அவளிடம் வெங்காய வடகமும் மிளகாய்த்தூளும் கொடுத்தனுப்புகிறேன், அதோடு இந்தக் கடிதமும். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் எனக்கு நன்றி சொல்ல வராது, உனக்கே தெரியும்.

அப்பாவுக்குத் திருபுவனை கம்பெனியில் இந்த மாதத்திலிருந்து பகல் ஷிப்ட் மட்டும்தான். ராத்திரி ஒழுங்காகத் தூங்குவதால் முகம் தெளிந்திருக்கிறது. பின்பக்கம் கரும்பு வெட்டி முடித்தார்கள், வீடெல்லாம் சோகைத் தூசி, பெருக்கி மாளவில்லை. அது கிடக்கட்டும், துறைத்தலைவர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லூரி வேதியியல் துறைத் தலைவர் சிவப்பிரகாசம் சார் ஜூனில் ஓய்வு பெறுகிறார் இல்லையா, அடுத்த சீனியர் நான் என்பதால் சம்மதமா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கும்படி முதல்வர் கேட்டிருந்தார். முடியாது என்று எழுதுவதாகத்தான் இருந்தேன். பாடம் நடத்துவது எனக்கு வரும், ஆட்களை நடத்துவது வராது என்பது என் எண்ணம். இந்தப் பொறுப்புக்கு வரப்போகிறவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி என்றார்கள், அதற்கே போகமாட்டேன் என்று நின்றவளை, ஒரு வார்டையே நான் பாத்துக்கறேன், நீ ஒரு டிபார்ட்மென்ட்டுக்குப் பயப்படறியாம்மா என்று நீ கேலி பண்ணினாய். அந்த ரோஷத்தில்தான் போனேன்.

பெரிதாக எதையும் எதிர்பார்த்துப் போகவில்லை. ஒரு பை, ஒரு பேனா, கழுத்தில் தொங்கும் அட்டை, தலைவர் என்பவர் யார் என்று ஸ்லைடு, மத்தியானம் சப்பாத்தி குருமா. முதலில் அப்படியேதான் போனது. பிறகு வள்ளியம்மாள் என்று ஓய்வுபெற்ற முதல்வர் ஒருவர் வந்தார். எங்களைக் குழுக்களாகப் பிரித்து, எங்கள் குழுவிடம் என்னைக் காட்டி, நீங்கள் ஒரு துறை, ஸ்டெல்லா தலைவர், பிள்ளைகள் செய்முறை வகுப்பில் பாதியில் எழுந்து போகிறார்கள், அரைமணி நேரத்தில் கூடிப் பேசி முடிவெடுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு தாளை எடுத்து, இன்று நடைபெற்ற துறைக் கூட்டத்தில் விரிவாக விவாதித்து ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது என்று தீர்மானங்களை எழுதி எல்லாரிடமும் நீட்டினேன். அவர்களும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். அந்த அம்மா திரும்பி வந்தபோது மகன் கல்யாணம், மகள் கவுன்சிலிங் என்று பேசிக்கொண்டிருந்தோம். தாளைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரிம்மா, கூட்டம் எப்ப நடந்துச்சு என்றார். எனக்குச் சட்டென்று புரியவே இல்லை. புரிந்ததும் அறையே சிரித்தது, ஏனென்றால் மற்றக் குழுக்களும் அதையேதான் செய்திருந்தன. நம் பக்கம் துறைக் கூட்டம் என்றாலே அதுதானே, டைப் அடித்த குறிப்பை அட்டெண்டர் கையில் கொடுத்தால் மேசை மேசையாகச் சுற்றிக் கையெழுத்தோடு திரும்பி வந்துவிடும். வள்ளியம்மாள் குத்திக் காட்டவில்லை. சரி, இப்ப நடத்துங்க, நானும் உக்காந்து கேக்கறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் சிவப்பிரகாசம் சாரிடம் அனுமதி கேட்டு, புதன்கிழமை மதியம் நிஜமாகவே ஒரு கூட்டம் போட்டேன். எல்லாரும் பேனாவைத் திறந்துகொண்டே உள்ளே வந்தார்கள், எங்க மேடம் போடணும் என்று கேட்டுக்கொண்டு. முதலில் உட்காருங்கள் என்றேன். செய்முறை வகுப்பைப் பற்றித்தான் பேச்சு. ஆளாளுக்குப் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்கள். பிறகு வெண்ணிலா, கௌரவ விரிவுரையாளர், தற்காலிக வேலை என்பதால் இத்தனை நாள் பேசவே பயந்த பெண், மெதுவாகச் சொன்னாள். பாகூர், நெட்டப்பாக்கம் பொண்ணுங்களுக்கு நாலு மணி பஸ்ஸ வுட்டா அடுத்தது இருட்டனப்புறம்தான் மேடம், அதான் குடுத்த உப்பு இன்னான்னு கண்டுபுடிக்கறதுக்குள்ள பைய தூக்கினு ஓடுதுங்க, நாம ஆர்வம் இல்லன்னு எழுதறோம் என்றாள். அப்படியானால் செய்முறையைக் காலைக்கு மாற்றலாம் என்றேன். மாற்றினால் சிவப்பிரகாசம் சாரின் காலை வகுப்புகள் மத்தியானத்துக்குப் போக வேண்டும். அவர் விட்டாரா? இன்னாம்மா ஸ்டெல்லா, ஒரு வாரம் பயிற்சிக்குப் போயிட்டு வந்து டீன் மாதிரி பேசற, சோறு துன்னுட்டு வந்து தெர்மோடைனமிக்ஸ் கேட்டா பசங்க தூங்குவானுங்க, நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். எனக்கு எப்போதும் போல, விடுங்க சார் என்று எழுந்துவிடத்தான் தோன்றியது. எப்படியோ உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன் சார் என்று எழுதிப் படித்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டவர், தூங்குவானுங்கன்னு போடாத, கவனம் குறையும்னு போடு என்று திருத்தி, அதன் கீழே கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். மறுநாள் அவரே வந்து தன் வகுப்பை மத்தியானத்துக்கு எழுதிக்கொண்டு, எவனாவது தூங்கனா எழுப்ப உன்னதான் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எதிர்த்துப் பேசிய மனிதர்மேல் இவ்வளவு நன்றி வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒரு வாரப் பயிற்சியில் யாரும் தலைவர் ஆகிவிடுவார்கள் என்று இப்போதும் நான் நம்பவில்லை. காலைக்கு மாற்றினால் எல்லாப் பிள்ளைகளும் உட்காருவார்கள் என்பதற்கும் உறுதி இல்லை, பார்க்க வேண்டும். ஆனாலும் வெள்ளிக்கிழமை சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னதற்கு, இனிமே வூட்லயும் கூட்டம் போட்டுதான் கொழம்பு வைப்பியா என்கிறார். ஆனால் அன்றைக்கு அவர்தான் போய் மீன் வாங்கி வந்தார். அந்த வள்ளியம்மாளுக்கும் வெண்ணிலாவுக்கும் நேரில் நன்றி சொல்லிவிட்டேன். உனக்குத்தான் பாக்கி இருந்தது, இதோ சொல்லிவிட்டேன், படித்துவிட்டுக் கிண்டல் பண்ணாதே.

வடகத்தை ஈரக் கையால் தொடாதே. வெளியே போகும்போது காதை மூடிக்கொள். மாதா உன்னையும் உன் வார்டில் படுத்திருப்பவர்களையும் காக்கட்டும், நீ தொட்டது துலங்கட்டும். இன்னொன்று, நைட் டியூட்டி முடிந்து நீ கூப்பிடும் நேரம் எங்களுக்கு மதியம். புதன்கிழமைகளில் மட்டும் அப்போது கூப்பிடாதே. கூட்டத்தில் இருப்பேன்.

உன் அம்மா,
ஸ்டெல்லா அன்புராஜ்