இனி அப்பாவின் போன்தான்

அன்புள்ள மகன் யதுர்ஷனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், மனதைக் கேட்காதே. நீயும் ஆர்த்திகாவும் அவள் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாயிருக்கக் களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறேன். லீவில் வந்த உன் சிநேகிதன் உதயரூபன் அங்கே கனடாவுக்குத் திரும்புகிறான் என்றதும் அவசரமாக இதை எழுதி அவனிடம் கொடுக்கிறேன். பிள்ளைப்பேறு நெருங்கும் நேரத்தில் இரண்டு கிழமையாக அம்மாவைக் காணவில்லையே என்று நீ பதறியிருப்பாய், எனக்கும் இங்கே சோறு இறங்கவில்லை.

நீ விட்டுப்போன லப்டொப்பில் நாம் முகம் பார்த்துப் பேசும் அந்த அப் திடீரென்று திறக்க மறுத்துவிட்டது. நான் வாய் திறக்கும் முன்பே அப்பா லப்டொப்பைத் துவாயில் சுற்றிக்கொண்டு, வா செங்கலடிக்கு என்றார். அங்கே கடையில் புது டிஸ்க்கும் கூடுதல் றாமும் போட்டார்கள். இப்போது தட்டியவுடன் திறக்கிறது, ஆனால் அப் மட்டும் வரவில்லை. கடைக்காரர் தேடிப் பார்த்துவிட்டு, உங்கட லப்டொப்பில ஒரு பிழையுமில்ல அம்மா, கொம்பியூட்டருக்குச் செஞ்ச அந்த அப்பை கம்பனிக்காரனே நிப்பாட்டிட்டான், இனிப் போனிலதான் என்றார். அப்பாவுக்கு வந்ததே கோபம். எல்லாம் புதுசாப் போட்டுட்டு இப்ப இல்லையெண்டா, மறுகா நான் அவன்ட குரல எப்பிடிக் கேக்கிற என்று கடையே அதிரக் கத்தினார். பிறகு தான் சொன்னது தனக்கே கேட்டதுபோல வெளியே போய் நின்றுகொண்டார்.

உனக்கு இது தெரியாது. உன் கல்யாணத்தோடு உன்னுடன் பேச்சை விட்டவர், நாம் பேசும்போதெல்லாம் லப்டொப் மூடிக்கு மறுபக்கம் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கம் திருப்பவே மாட்டார். உன் மீது எனக்கும் கோபம் உண்டு மகன். ஆர்த்திகாவிடம் ஊர் கேட்டாய், படிப்புக் கேட்டாய், எந்த வம்சத்துக் குடியென்று மட்டும் கேட்காமல் விட்டாய். நம் பக்கத்தில் ஒரே குடியென்றால் அண்ணன் தங்கை முறையென்று தெரியாத பிள்ளையா நீ? குடி தாய்வழி வருவது, அவளும் என் குடிதான். எனக்கே மனம் ஆறிவிட்டது, இவர்தான் கோயிலில் நம் குடி ஆட்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்று பிடிவாதமாக இருக்கிறார். அந்தப் பெண் மாமா எங்கே என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். நான் வெளியே போயிருக்கிறார் என்பேன், அவர் என் கண்முன்னேதான் இருப்பார்.

என் சின்னப் போனில் இதெல்லாம் நடக்காது. அவருடைய பெரிய போனை வாங்கி நானே உனக்குக் கோல் எடுக்கலாம், ஆனால் எடுத்தால் அவர் திரும்பவும் மறுபக்கம் போய் உட்கார்ந்துவிடுவார். எனக்குப் பயமாயிருக்கிறது மகன், அவருக்கும் வயது போகிறது. பேரப்பிள்ளை பிறந்த செய்தி அவருக்கு ஊரார் வாயால் வரக் கூடாது. ஆகையால் நீயே அவருக்கு எடு. உன் நம்பரை அழித்துவிட்டார், ஆரது என்று அதட்டுவார், பயந்து வைத்துவிடாதே. அவருடைய நம்பர் மாறவில்லை.

ஆர்த்திகாவைப் பாரம் தூக்க விடாதே. மூவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. அவர் எடுத்ததும் அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்லிவிடாதே, உடனே கொடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா
சா. அன்னப்பூரணி