வலை பிடித்து நிறுத்திய சக்கரம்

அரூர்,
3.3.1986

அன்புள்ள உங்களுக்கு,

பாப்பாவுக்குச் சளி விட்டது; இப்போதுதான் தூங்கினாள். பாம்பனில் கடல் ஓட்டத்திலிருந்து மின்சாரம் எடுக்க நீங்கள் சோதித்துப் பார்க்கும் டர்பைனைப் பற்றி எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கடல் ஏறும்போது ஓட்டம் ஒரு பக்கம், வடியும்போது மறு பக்கம்; நிமிர்ந்து நிற்கும் இந்தச் சக்கரம் தண்ணீர் எப்படி வந்தாலும் ஒரே பக்கமாகச் சுற்றும், லேசான ஓட்டத்துக்கும் தானே கிளம்பும், ஜெனரேட்டர் நனையாமல் மேலே மிதவையில் இருக்கும் என்று விளக்கினேன். "யாரு எந்தப் பக்கம் இழுத்தாலும் அவன் புடிச்ச பக்கந்தான் சுத்துவான். மிசினையும் அவனாட்டமே செஞ்சிருக்கான் எம்மவன்" என்றார்கள்.

சிரித்தேன். ஆனால் கடைசி வரியில், மீன்வலை சிக்கிச் சக்கரம் நின்றுவிட்டது, ஆள் இறங்க வேண்டியிருக்கும் என்றிருக்கிறீர்கள். எந்த ஆள்?

மதி

*

பாம்பன்,
6.3.1986

அன்பு மதி,

ஆள் நான்தான். சங்கு குளிப்பவர்கள் யாரும் இப்போது கிடைக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை டெல்லி அதிகாரிகள் வருகிறார்கள். அன்று சுற்றாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள், எங்கள் வேலையும் போகும். ஓட்டம் திரும்புமுன் தண்ணீர் சற்று நேரம் அசையாமல் நிற்கும். புதன்கிழமை அந்த நேரத்தில் இறங்கி வலையை அறுத்துவிட்டு ஏறிவிடுவேன். நம் கிணற்றில் முங்கி அடிமண் எடுத்து வந்தவன் நான். பயப்படாதே.

தீர்த்தகிரி

*

அரூர்,
10.3.1986

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் இன்றுதான் வந்தது. கிணற்றுத் தண்ணீர் நின்றால் நின்றதுதான். கடல், நீங்கள் மூச்சை அடக்கியிருக்கும்போதே திரும்பிவிடும்.

சக்கரத்தை இப்போது பிடித்து நிறுத்தியிருப்பது எது? அந்த வலைதான். அறுத்த கையோடு அது கிளம்பும். எந்தப் பக்கத்து ஓட்டத்துக்கும், லேசான ஓட்டத்துக்கும் கிளம்பும் என்று பெருமையாக எழுதியது நீங்கள்தானே? அப்போது தகடுகளுக்கு நடுவில் இருக்கப்போவது நீங்கள்.

சக்கரத்தை அப்படியே மேலே தூக்கிப் பழுது பார்க்கலாம் என்பதும் இந்த டிசைனின் வசதிதான். தூக்குங்கள். வியாழக்கிழமை போனால் போகட்டும். நான் பி.எஸ்ஸி. படித்தது எதற்கு? ஏதாவது பள்ளிக்கூடத்தில் சேர்ந்துகொள்கிறேன்.

"எழுதாத கண்ணு, சொன்னா வீம்புக்குன்னே எறங்குவான்" என்கிறார்கள் அத்தை. எழுதிவிட்டேன். இது புதனுக்குள் கிடைக்காது. காலையில் தந்தியும் கொடுக்கிறேன்.

மதி

*

பாம்பன்,
15.3.1986

அன்பு மதி,

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. 'அறுக்காதீர்கள். வலைதான் பிரேக்.' மிதவையில் எல்லோரும் சிரித்தார்கள். "சார், வூட்லேர்ந்து ஆர்டர் வந்துருச்சுங்க" என்றான் என் உதவியாள் பச்சியப்பன். எனக்குக் கோபம்தான். ஆனால் வலையை அறுத்தால் சக்கரம் கிளம்பும் என்பது சரிதான். கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

கிரேன் படகு மறுநாள்தான் கிடைத்தது. அதிகாரிகள் பார்க்கத்தான் தூக்கினோம். பாதி எழும்போதே வலை கிழிந்தது. சக்கரம் கிளம்பிய வேகத்தில், வலையோடு வந்து அதில் மாட்டியிருந்த மூங்கில் துண்டுதுண்டாகிப் பறந்தது. "இதைச் சுற்றாமல் பூட்டி நிறுத்த வழி வைக்கவில்லையா?" என்று கேட்டார்கள். வைக்கவில்லை. திட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

உன்மேல் இரண்டு நாள் கோபமாகவே இருந்தேன். இன்று சாமான் கட்டும்போது பார்த்தேன், மூங்கில் சிம்பு ஒன்று மிதவைப் பலகையில் குத்தி நின்றது. இரண்டு கையாலும் இழுத்தேன், வரவில்லை.

இது கிடைத்த ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

தீர்த்தகிரி