கிள்ளி மோட்டார்ஸுக்கு ஒரு ஜோடி கீல்

லே, என் மேசை மேல் ஒரு ஜோடி பித்தளைக் கீல் கிடக்கிறது. கம்ப்யூட்டர் கேம் செய்கிற ஆபீஸில் கதவுக் கீலுக்கு என்ன வேலை என்று பக்கத்து சீட்டுக்காரன் கேட்டுவிட்டான். சாலை பஜாரில் இருக்கும் உங்கள் இரும்புக் கடையின் கிரீஸ் வாசனை அதிலிருந்து இன்னும் போகவில்லை.

நம் முதல் ரேஸ் கேமில் நிஜக் கார்களின் பெயரைப் போட நமக்கு உரிமை கிடைக்கவில்லை, நினைவிருக்கிறதா? "நாமளே ஒரு கார் கம்பெனி தொடங்கிருவோம்லே" என்றாய். கிள்ளிப்பாலத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அங்கேயே 'கிள்ளி மோட்டார்ஸ்' பிறந்துவிட்டது. "இத்தாலிக்காரன் பேரு மாதிரி இருக்குல்லா?" என்று உனக்கு ஒரே பெருமை. சின்னத்துக்கு உங்கள் கடைப் போர்டில் இருக்கும் இரட்டைச் சாவியையே போட்டாய். பந்தயப் பாதை, பொன்முடி மலை வளைவுகள். முதல் ஓட்டத்திலேயே நான் வண்டியைப் பாறையில் கொண்டு இடித்தேன். நிஜக் கம்பெனிக்காரன் தன் காரில் ஒரு கீறல் விழவும் சம்மதிக்க மாட்டான். நீயோ சிரித்தாய். "நொறுங்கட்டும்லே, நம்ம வண்டிதானே."

உன் அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "இல்லாத வண்டிக்கு இல்லாத கம்பெனி! இதுக்கா படிக்க வச்சேன்?" என்று கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். அந்த வருத்தம் தீராமலேயே நீ ஒரு மழைக்காலக் காய்ச்சலில் போய்விட்டாய், பாவி.

இப்போது கேமைப் புதுப்பிக்கிறோம். சின்னம் ஒரு கடையுடையது, கடைக்காரர் சம்மதம் இல்லாமல் கேமை வெளியிட முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். இந்தத் தடவை உரிமை வாங்கி நிஜக் கார்கள்தான் வரப்போகின்றனவே, கிள்ளியையே எடுத்துவிடலாம் என்றார் மேனேஜர். "இனி இது எந்தினா?" என்று மலையாளத்தில் சாதாரணமாகக் கேட்டார்; இனி இது எதற்கு என்று. எனக்கு உன்னை இன்னொரு தடவை தூக்கிக் கொடுப்பது போல இருந்தது.

போன வாரம் கடைக்குப் போனேன். நான் மாமா என்று கூப்பிடும் உன் அப்பா திட்டித் துரத்திவிடுவார் என்றே நினைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அந்த வண்டியக் காட்டு மக்கா" என்றார். லேப்டாப்பைக் கல்லா மேசையில் வைத்து ஓட்டக் கொடுத்தேன். நேரே பாறையில் மோதினார். கதவு கழன்று பள்ளத்தில் உருண்டது. நான் பதறிப்போனேன்.

"இருக்கட்டும்லே. நொறுங்கினா என்ன, நம்ம வண்டிதானே" என்றார்.

அடப்பாவி! சின்னத்தை மட்டுமா, பேச்சையும் அந்தக் கடையிலிருந்துதான் எடுத்திருக்கிறாய்.

கையெழுத்தும் போட்டுத் தந்தார். அப்புறம் பழைய மாமாவாகிவிட்டார். "எந்தக் கீலப் போட்டான் அவன்? காத்தடிச்சாலே கழண்டுரும் போல இருக்கு" என்று முணுமுணுத்தபடி உள்ளே போனார். இந்தப் பித்தளைக் கீல்களைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்தார். "அவன் வண்டிக்கு மாட்டிரு" என்றார்.

கையெழுத்தைப் பார்த்ததும் மேனேஜரும் சரி என்றுவிட்டார். அப்பாடா என்று இருக்கிறது. கிள்ளி இனி எங்கேயும் போகாது. இல்லாத வண்டிக்கு அவர் தந்த கீலை நான் எங்கே மாட்டுவது? காலையில் மேசைக்கும் சாயங்காலம் தோள்பைக்குமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். கனம்தான். இருக்கட்டும்லே.